பேமிலி பென்ஷன் ஓர்னெல்லா

ஜனவரி 8

ஓய்வூதியர் சங்கத்தில் கொடுத்த டைரி. போன வருஷத்து டைரியில் கேஸ் புக் பண்ணிய தேதியைத் தவிர ஒன்றும் எழுதவில்லை. இந்த வருஷம் முதல் வாரத்திலேயே விஷயம் கிடைத்துவிட்டது.

மகள் தாரணி விட்டுப்போன டேப்லெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு எனக்கு நேர்காணல் மே மாதம்தானா, மாற்றிவிட்டார்களா என்று பார்க்க உட்கார்ந்தேன். வருஷத்துக்கு ஒரு தரம் கருவூலத்துக்குப் போய், உயிரோடுதான் இருக்கிறேன் என்று முகத்தைக் காட்டி வரவேண்டும். வீட்டுக்காரர் அரசாங்க வேலை பார்த்துப் போய்ச் சேர்ந்துவிட்டால் சம்சாரத்துக்கு வருகிற பேமிலி பென்ஷன் அது. இங்கிலீஷில் அந்த இரண்டு வார்த்தையைத்தான் தட்டினேன். கருவூலம் வரவில்லை, கடல் வந்தது.

அப்படி ஒரு நீலம். கரையில் வரிசை வரிசையாகக் குடை, குடைக்கு இரண்டு சாய்வு நாற்காலி. மேலே ‘பேமிலி பென்ஷன் ஓர்னெல்லா, பெல்லாரியா, இத்தாலி’. கீழே ‘ஹாஃப் பென்ஷன், ஃபுல் பென்ஷன்’ என்று எழுதியிருந்தது. இரண்டு தரம் படித்துவிட்டு, பக்கத்து வீட்டு ஜைத்தூன் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வீட்டுக்காரர் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர். அவளுக்கும் என்னைப் போலவே பேமிலி பென்ஷன்தான்.

“பரவால்லியே புள்ள. நம்மளுக்குன்னே ஓட்டல் கட்டி வெச்சிருக்கான் இத்தாலிக்காரன்” என்றாள். “நம்ம ஊர்ல ஒரு பெஞ்சு போடறதுக்கு எத்தன மனு குடுத்தோம்.”

“ஹாஃப்னு போட்டிருக்குதே, அது என்னக்கா?”

“நாமதான் ஹாஃப். வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவங்க ஃபுல்லு.”

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

என் வீட்டுக்காரர் தங்கமுத்து வணிக வரி ஆபீஸில் இருந்தார். நல்ல மனுஷன். ஒவ்வொரு மே மாதமும் “கடல் பாக்கோணும்” என்பேன், “ரிட்டயர்டு ஆகட்டும் துளசி” என்பார். ரிட்டயர்டு ஆக ஏழு மாதம் இருக்கும்போது போய்விட்டார். ஐம்பத்தெட்டு வயதில் எனக்குப் பவானிசாகர் அணைதான் கடல். இந்த வருஷம் போயே தீருவேன். ‘அப்புறம்’ என்ற பேச்சே இந்த வீட்டில் இனிமேல் கிடையாது.

ஜனவரி 9

காலை நடையில் சென்னியப்பன் சாரிடம் சொன்னேன். சார் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்திநாலு வருஷம் புவியியல் நடத்தியவர். வீட்டம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. நாலு வருஷமாக எங்கள் இரண்டு பேரோடு ஸ்கூல் கிரவுண்டை எட்டுச் சுற்றுச் சுற்றுகிறார். பெல்லாரியா என்ற பேரைக் கேட்டதும் நின்றுவிட்டார்.

“அட்ரியாட்டிக் கடலுங்க. முப்பத்திநாலு வருஷம் சாக்பீஸ்ல வரைஞ்சிருக்கேன். ஒரு நாள் கால் நனைச்சதில்லீங்க.”

சாயங்காலம் அட்லாஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அரிசிம்பருப்பு சோறு இருந்தது, போட்டேன். அவருக்காகச் செய்யவில்லை. எனக்குச் செய்ததில் அரை ஆழாக்கு கூடிப் போயிற்று, அவ்வளவுதான்.

ஜனவரி 12

கடிதம் எழுதினோம். சாருக்கு அரசாங்கக் கடிதம் தவிர வேறு மாதிரி எழுத வராது. ‘பொருள்: ஓய்வூதியர் விடுதி – ஜூன் மாதம் எட்டு நாட்கள் தங்குதல் – அனுமதி – வேண்டுதல் – தொடர்பாக. பார்வை: தங்கள் இணையதளம்.’ இதை அப்படியே இங்கிலீஷில் மாற்றினார். ஃபுல் ஒருவர், ஹாஃப் இருவர் என்று விவரம் கொடுத்தார். தகுதிக்குச் சான்றாக எங்கள் மூன்று பேருடைய பென்ஷன் புத்தகத்தையும் முதல் பக்கம் போட்டோ எடுத்து, அதில் பச்சை மசியில் கையெழுத்து வாங்கி இணைத்தார்.

“அட்டஸ்டேஷன் இல்லாம அனுப்புனா திருப்பி அனுப்பிருவாங்க” என்றார். விவரமான மனுஷன்.

ஜனவரி 15

பொங்கல். தாரணி பெங்களூரிலிருந்து வரவில்லை, லீவு இல்லையாம். சாருக்கு ஒரு டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டேன். முந்திரி கொஞ்சம் அதிகம் விழுந்துவிட்டது.

ஜனவரி 20

இத்தாலியிலிருந்து பதில். சார் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லச் சொல்ல, நானும் ஜைத்தூன் அக்காவும் கேட்டோம்.

‘அன்புள்ள துளசிமணி அம்மையாருக்கு, இத்தனை முத்திரைகளோடு எங்களுக்குக் கடிதம் வந்ததே இல்லை. என் அம்மா அதை அச்செடுத்து வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். ஆனால் புத்தகங்கள் எதற்கென்று புரியவில்லை. படங்களில் மூன்று தம்பதிகளும் அழகாக இருக்கிறீர்கள். ஆறு பேருக்கும் சேர்த்து மூன்று மேட்ரிமோனியல் அறைகள் தருகிறேன். ஒன்று கடல் பார்த்தது. எல்லோருக்கும் ஃபுல் பென்ஷன்தானே? – ஓர்னெல்லா.’

“மேட்ரிமோனியலா? வரன் பாத்தும் குடுக்கறாங்களா?” என்றாள் ஜைத்தூன் அக்கா.

சார் காது வரைக்கும் சிவந்துவிட்டார். பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். அகராதியில் எல்லாம் பார்த்து எழுதி வந்திருந்தார். பென்ஷன் என்றால் அந்த ஊரில் சின்ன ஓட்டலாம். பேமிலி பென்ஷன் என்றால் ஒரு குடும்பமே சேர்ந்து நடத்துகிற ஓட்டல். ஃபுல் பென்ஷன் என்றால் மூன்று வேளையும் சாப்பாடு, ஹாஃப் என்றால் மத்தியானச் சோறு கிடையாது. மேட்ரிமோனியல் என்பது...

“ரெண்டு பேர் படுக்கற கட்டிலுங்க” என்று தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

எனக்கு மானமே போயிற்று. அப்புறம் யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. ஜைத்தூன் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பென்ஷன் புத்தகத்து முதல் பக்கத்தில் ஜோடிப் போட்டோ ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துத்தான் ஓர்னெல்லா ஆறு பேரை எண்ணியிருக்கிறாள். ஆறில் மூன்று பேர் மேலே போய்ச் சேர்ந்தவர்கள் என்று அவளுக்கு யார் சொல்வது? நான் எழுதவேண்டாம் என்றேன். முன்பின் தெரியாதவளிடம் எதற்குத் துக்கம் சொல்லவேண்டும்?

சார் யோசித்து எழுதினார்: ‘மூவர் மட்டுமே வருகிறோம். மற்ற மூவர் கலந்துகொள்ள இயலாத நிலையில் உள்ளனர்.’

ஜனவரி 22

ஓர்னெல்லா எழுதியிருக்கிறாள்: ‘மற்ற மூவர் வர முடியாதது வருத்தம். அவர்கள் அடுத்த வருஷம் கட்டாயம் வரட்டும்.’ ஜைத்தூன் அக்கா சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதாள். நானும்தான். சார் எழுந்து போய் எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டு வந்தார். என் சமையல்கட்டில் சொம்பு எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

முடிவு: நானும் அக்காவும் கடல் பார்த்த அறை. சாருக்கு ஒரு தனி அறை. ஜூன் 8 முதல் 16 வரை.

பிப்ரவரி 6

பாஸ்போர்ட் ஆபீஸ். கண்ணாடியைக் கழற்றச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். எனக்குத் திருட்டு முழி. சார் போட்டோ நன்றாக வந்திருக்கிறது. அக்காவுடையதும் நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 25

கடலில் இறங்க என்ன போட்டுக்கொள்வது என்று ஒரு மணி நேரம் விவாதம். அந்த ஊர்ப் பெண்கள் போடுவது நமக்கு ஆகாது. கடைசியில் நானே மிஷினில் உட்கார்ந்து, முழங்கால் வரைக்கும் பேண்டும் தொளதொளவென்று ஒரு சட்டையும் தைத்தேன். கடல் பச்சை. ஜைத்தூன் அக்கா வற்புறுத்தியதால் கழுத்தில் ஒரு லேஸ் வைத்தேன்.

நடையில் சார் இத்தாலியன் சொல்லித் தருகிறார். காலை வணக்கத்துக்கு ‘புவோன் ஜோர்னோ’. அக்கா ‘போன ஜோரு’ என்கிறாள். சிரித்து மூச்சு வாங்கி ஆறு சுற்றோடு உட்கார்ந்துவிட்டோம்.

மார்ச் 19

நோன்பு மாதம். சாயங்காலம் நோன்புக் கஞ்சி கொண்டு வந்த ஜைத்தூன் அக்கா, தூக்குப் போசியை வைத்துவிட்டு, “நான் வரலை புள்ள” என்றாள். ஈரோட்டில் இருக்கும் மகளுக்கு ஜூன் முதல் வாரம் பிரசவமாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஜூன்லன்னா உனக்கு ஜனவரியிலயே தெரியுமேக்கா.”

“தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லலை? பாஸ்போர்ட் எடுக்கறதுக்கு வெயில்ல வந்து நின்னியே.”

“நான் வரமாட்டேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, நீ அன்னைக்கே அட்லாஸை மூடியிருப்பே” என்றாள். “கஞ்சி ஆறிப் போகுது, குடி.”

இவளுக்குக் குசும்பு ரொம்ப அதிகம். என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 23

‘மூவரில் ஒரு பெண்மணி விலகிக்கொண்டார்’ என்று சார் எழுதியதற்குப் பதில் வந்துவிட்டது. ஓர்னெல்லாவுக்கு ஒரே சந்தோஷம். ‘அப்படியானால் தனி அறை தேவையில்லை. அதை பொலோஞாவிலிருந்து வரும் ஓர் ஆசிரியைக்குக் கொடுத்துவிட்டேன். நீங்களும் திரு. சென்னியப்பனும் கடல் பார்த்த மேட்ரிமோனியலில் வசதியாக இருங்கள். ஜூன் முழுக்க வேறு அறையே இல்லை, உங்களுக்கு அதிர்ஷ்டம்.’

சார் வாசலிலேயே நின்றுகொண்டு இதைச் சொன்னார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“வேற ஓட்டல் பாக்கலாமுங்க. ஊர்ல ஓட்டலுக்கா பஞ்சம். இல்லீன்னா...”

“இல்லீன்னா?”

“இல்லீன்னா ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டு, குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 24

சார் நடைக்கு வரவில்லை.

மார்ச் 25

இன்றும் வரவில்லை. தேங்காய்ச் சட்னியில் உப்புப் போட மறந்துவிட்டேன். எட்டுச் சுற்று இவ்வளவு நீளம் என்று இத்தனை நாள் தெரியவில்லை. அக்கா நோன்பு வைத்துக்கொண்டு பேசாமல் நடக்கிறாள், ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். அடிக்கலாம் போல இருந்தது.

மார்ச் 27

குடையைக் கொடுக்கத்தான் போனேன். சார் வராண்டாவில் காய்ந்த துணி மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“உட்காருங்க சார். அந்த ‘இல்லீன்னா’ பாதியில நிக்குது. முடிங்க.”

உட்காரவில்லை. உள்ளே போய் ஒரு கவரைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, மறுபடியும் துணி மடிக்க ஆரம்பித்தார். மடித்த வேட்டியையே இரண்டு தரம் மடித்தார். அங்கேயே நின்று படித்தேன். அந்தத் தாளை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

‘பெறுநர்: திருமதி த. துளசிமணி அவர்கள். பொருள்: திருமணம் – தங்கள் சம்மதம் – வேண்டுதல் – தொடர்பாக. பார்வை: (1) நான்கு ஆண்டுகள் காலை நடை. (2) தங்கள் வீட்டு அரிசிம்பருப்பு. மேற்படி பார்வையில் கண்டவற்றைப் பரிசீலித்ததில், தாங்கள் இல்லாத நாட்களில் எனக்கு வீடு திரும்பவே மனம் வருவதில்லை என்று தெரிய வருகிறது. அறை ஒன்றுதான் இருக்கிறது என்பதற்காக இதை எழுதவில்லை. வரைவு எழுதி இரண்டு வருஷம் ஆகிறது. இன்றுதான் திருத்தித் தேதி போட்டிருக்கிறேன். தங்கள் முடிவு எதுவாயினும் காலை நடை தொடரும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’

கீழே கையெழுத்து. சீல் ஒன்றுதான் பாக்கி.

“யோசிச்சுச் சொல்றேனுங்க சார்” என்றேன். “நாளைக்கு நடைக்கு வாங்க” என்றும் சொன்னேன். திரும்பி வரும்போது குடையை மறுபடியும் என் கையிலேயே எடுத்து வந்துவிட்டேன்.

இத்தனை நாள் இந்த டைரியில் என்னென்னவோ எழுதியிருக்கிறேன். முந்திரி தானாக விழவில்லை. நான்தான் போட்டேன்.

மார்ச் 30

ஜைத்தூன் அக்காவிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: “கட்டிக்கிட்டா பேமிலி பென்ஷன் நின்னுரும், தெரியுமில்ல?”

தெரியும். நேர்காணலில் ஒவ்வொரு வருஷமும் ‘மறுமணம் செய்துகொள்ளவில்லை’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோமே. இரண்டு நாளாக அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

அந்தப் பணம் இருப்பதால்தான் இந்த ஒன்பது வருஷத்தில் நான் யாரிடமும் கை நீட்டவில்லை. அதுகூடப் பெரிசில்லை. தங்கமுத்து சம்பளம் வாங்கிய அன்று கவரைப் பிரிக்காமல் என் கையில் கொடுத்து “வெச்சுக்க துளசி” என்பார். இப்போதும் மாசம் பிறந்தால் அவர் வாசலில் வந்து கொடுத்துவிட்டுப் போகிற மாதிரிதான் எனக்கு. நானாகப் போய் ‘இனிமேல் வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வேன்?

மத்தியானம் சார் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“கட்டிக்காமயே இருந்துக்கலாமுங்க” என்றார். “பென்ஷன் பாட்டுக்கு வரட்டும். ஊர் பேசினா பேசிட்டுப் போகுது. இத்தாலியில நான் அந்தக் குடைக்கடியில நாற்காலியில படுத்துக்கறேன்.”

சொல்வது அவருக்குச் சுலபம். வருஷா வருஷம் கருவூலத்தில் போய், இவரைக் கட்டிக்கொள்ளவில்லை என்று கையெழுத்துப் போடப்போவது நான்தானே? இவரை எனக்கு யாருமில்லை என்று எழுதிக் கொடுப்பதற்கு மனசு வரவில்லை. தங்கமுத்துவை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் வரவில்லை. இரண்டில் ஒன்றைச் செய்யாமல் இத்தாலி இல்லை. ஓட்டலைக் கேட்டால் பேமிலி பென்ஷனில் மேட்ரிமோனியல் தருகிறேன் என்கிறது. கருவூலத்தில் இரண்டில் ஒன்றுதான்.

ஏப்ரல் 2

தாரணியிடம் போனில் சொன்னேன். “சரிம்மா” என்று வைத்துவிட்டாள். அது ‘சரி’ இல்லை. எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 4

தாரணி போன் இல்லை. வத்தல் காயப்போட்டேன்.

ஏப்ரல் 7

தாரணி காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். பல் விளக்கவில்லை, காபி குடிக்கவில்லை, நேரே ஆரம்பித்தாள்.

“பென்ஷன் போயிட்டா நீ அவரை நம்பித்தானம்மா இருக்கோணும்? நாளைக்கு ஒண்ணுன்னா என்ன பண்ணுவே?”

“மிஷின் இருக்குது. எனக்குத் தைக்கத் தெரியும். இந்த வீடு என் பேர்ல இருக்குது, உங்கப்பா எழுதி வெச்சதுதான்.”

“அப்பாவை மறந்துட்டியா?”

அதைக் கேட்டுவிட்டு அவளே அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. அவளிடம் கோபப்பட்டு ரொம்ப நாளாயிற்று.

“மறந்திருந்தா இவ்வளவு யோசிப்பனா கண்ணு? உங்கப்பாவை வெச்சுக்கிட்டே இவரையும் பிடிக்குது. நான் என்ன பண்ணட்டும்? எனக்கு வெக்கமா இருக்குது, சந்தோஷமாவும் இருக்குது. ஒருத்தர்கூட உக்காந்து கடலைப் பாக்கோணும்னு ஆசையா இருக்குது. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது.”

தாரணி போய்ப் பல் விளக்கிவிட்டு வந்தாள். பிறகு, அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டாள். அலமாரியிலிருந்து இந்த டைரியை எடுத்து, ஒட்டிய கடிதத்தை மட்டும் காட்டினேன். ‘பார்வை’யைப் படிக்கும்போதே உதடு துடித்தது. ‘சீல் ஒன்றுதான் பாக்கி’ என்று நான் எழுதியதையும் படித்துவிட்டாள். அழுத மூக்கோடு சிரித்தாள்.

மத்தியானம் சாரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவள்தான் கூப்பிட்டாள், நான் இல்லை. சாப்பாட்டின்போது அவரைக் குறுக்குக் கேள்வி கேட்டே கொன்றுவிட்டாள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, குறட்டை உண்டா.

“குறட்டைக்கு இப்பச் சாட்சி யாருமில்லீங்க கண்ணு” என்றார் சார்.

“உங்க பென்ஷன்ல அம்மா பேரைச் சேப்பீங்களா?”

“கல்யாணம் பதிஞ்ச அன்னைக்கே மனு எழுதிருவேன். எனக்கப்புறம் அவங்களுக்குப் பேமிலி பென்ஷன் வர்ற மாதிரி...”

“அது வேண்டாமுங்க” என்றேன். பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். “இன்னொரு தடவை பேமிலி பென்ஷன் வாங்கறதுக்கு எனக்குத் தெம்பில்லை. நீங்க இருக்கோணும். அதுதான் வேணும்.”

அப்படித்தான் நான் சம்மதம் சொன்னேன். ரசச் சட்டி இன்னும் இடது கையில் இருந்தது.

ஏப்ரல் 11

ரம்ஜான். ஜைத்தூன் அக்கா வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தட்டில் பிரியாணி வைத்தாள். வேண்டுமென்றே செய்தாள். அவர் கறியையெல்லாம் என் பக்கமே ஒதுக்கினார், நான் முட்டையை அவர் பக்கம் தள்ளினேன்.

ஏப்ரல் 24

விசாவுக்காகச் சென்னை. படிவத்தில் ‘உடன் வருபவர் என்ன உறவு’ என்று ஒரு கட்டம். சார் அதைக் காலியாக விட்டிருந்தார். கவுன்டரில் இருந்த பெண் பேனாவைத் தட்டிக்கொண்டு, “என்ன உறவு சார்?” என்றாள்.

சார் என்னைப் பார்த்தார்.

“கட்டிக்கப் போறவருங்க. அடுத்த மாசம்” என்றேன். பின்னால் இருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அந்தப் பெண் தலை நிமிர்ந்து எங்கள் நரையைப் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக அவளே எழுதினாள். அதற்கு ஒரு பிரெஞ்சு வார்த்தை இருக்கிறதாம், ‘ஃபியான்சே’. திரும்பி வரும் ரயிலில் சார் அதை நாலு தரம் சொல்லிப் பார்த்தார்.

மே 8

விசா வந்துவிட்டது. கல்யாணம் 23ஆம் தேதி, வியாழன், சார்பதிவாளர் ஆபீஸில். சாட்சிக் கையெழுத்து ஜைத்தூன் அக்காவும் தாரணியும். தாரணி அந்தக் கடல் பச்சைச் சட்டையைப் பார்த்துவிட்டு, லேஸ் போதாது என்று இன்னொரு வரிசை வைக்கச் சொல்கிறாள்.

மே 16

நேர்காணல்.

ஒரு வாரமாக இந்த நாளுக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது. இன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பொய்யாகாது. இன்னும் ஒரு வருஷத்துக்கு யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஜைத்தூன் அக்கா அப்படித்தான் சொன்னாள். பஸ்ஸில் போகும்போதும் அதையே யோசித்துக்கொண்டு போனேன். சார் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கருவூலத்து வாசலில், “நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடைகிட்ட நிக்கறேனுங்க. நான் கூட வந்தா என்னைப் பாத்து முடிவு பண்ற மாதிரி ஆயிரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே சின்ன வயதுப் பெண் ஒருத்தி சீட்டில் இருந்தாள். நல்ல பிள்ளை. ரேகை வைக்கச் சொல்லி, முகத்தைப் பார்த்து, படிவத்தை அவளே நிரப்பி என் பக்கம் திருப்பினாள். “மறுமணம் செய்துகொள்ளவில்லைன்னு இருக்குது பாருங்கம்மா, அதுக்குக் கீழே ஒரு கையெழுத்து.”

பேனாவைப் பிடித்தேன். ‘த.’ என்று எழுதினேன். தங்கமுத்துவின் த. கை நின்றுவிட்டது.

“இது இன்னும் ஒரு வாரத்துக்குத்தான் நெஜம் கண்ணு” என்றேன். “வர்ற வியாழக்கெழம எனக்குக் கல்யாணம். அன்னையிலருந்து நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுக்கோணும். அதுக்கு எந்தப் படிவம்?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள், மேஜை டிராயரைத் திறந்தாள், மூடினாள். எழுந்து போய் அதிகாரியைக் கூட்டி வந்தாள். அவர், “இருபது வருஷ சர்வீஸ்ல இப்பிடிச் சொல்லிட்டு வந்தவங்க யாருமில்லீங்கம்மா. படிவம்னு எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுமில்லை. வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுங்க” என்றார். பிறகு மெதுவாக, “நல்லா யோசிச்சுட்டீங்களா?” என்றார்.

“யோசிச்சுட்டேனுங்க.”

எனக்கும் இப்போது பொருள், பார்வை எல்லாம் போடத் தெரியும். ஆனால் போடவில்லை. ‘என் கணவர் தங்கமுத்து எனக்கு விட்டுப்போனதை ஒன்பது வருஷம் மரியாதையோடு வாங்கிக்கொண்டேன். அவருக்கு நன்றி. மே 23 முதல் நிறுத்திவிடவும். நான் நன்றாக இருக்கிறேன்’ என்று எழுதினேன். கடைசி வரி கருவூலத்துக்கு இல்லை, அவருக்கு. ‘த. துளசிமணி’ என்று நிதானமாகக் கையெழுத்துப் போட்டேன். ஒரு சொட்டுக் கண்ணீர் தாளில் விழுந்தது. அந்தப் பெண் பிளாட்டிங் தாளை எடுத்து ஒற்றி, அதன் மேலேயே வரவு முத்திரை குத்தினாள்.

வெளியே வந்தேன். வெயில் கொளுத்தியது. உடம்பு லேசாக இருந்தது, பசித்தது. எதிர்ப்பக்கம் சார் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜெராக்ஸ் கடைச் சுவரில் ஒட்டியிருந்த ஏதோ நோட்டீஸைப் படித்துக்கொண்டு நின்றார். தோள் இரண்டும் காதுக்கு ஏறியிருந்தது. படிக்கவில்லை என்று இங்கிருந்தே தெரிந்தது.

‘சார்’ என்று கூப்பிட வாயெடுத்தேன். வரவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிடுவதற்கென்று ஒரு வார்த்தை இருக்கிறது. ஒன்பது வருஷமாக என் வாயில் அது வரவில்லை. ரோடு இரைச்சலில் கேட்கவேண்டுமே என்று சத்தமாகவே கூப்பிட்டேன்.

“ஏனுங்க.”

ரோட்டில் போன கல்யாணமான ஆம்பளை அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இளநீர் வெட்டுகிறவர், ஸ்கூட்டரில் இருந்தவர், வரிசையில் நின்ற பென்ஷன்காரர் ஒருவர், டீக்கடைக்காரர். இவர் மட்டும் திரும்பவில்லை. அது அவருக்கான வார்த்தை என்று அவருக்குத் தெரியவில்லை, பாவம்.

ரோட்டைக் கடந்து பக்கத்தில் போய் நின்று, சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

“உங்களைத்தானுங்க.”

திரும்பிப் பார்த்தார். கருவூலத்தில் என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவே இல்லை. “இன்னொரு தடவை கூப்பிடுங்க” என்றார். கூப்பிட்டேன்.